அப்பாவின் பெயர் சுவிஸ் குடும்பப் பெயரான விதம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எண்பதுகளின் பிற்பகுதியில் அப்பா அகதியாகச் சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கு தரப்பட்ட படிவத்தில், நாங்கள் எழுதும் முறைப்படி, தன் தந்தையான என் அப்பப்பாவின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதினார்.

2. அந்த நாட்டில் பின்னால் வருவது குடும்பப் பெயர். ஆகவே அப்பாவின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகப் பதிவானது. அப்பப்பாவின் பெயரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

3. ஒன்றரை வருடம் கழித்து அப்பாவின் ஒரே தம்பியான என் சித்தப்பா அங்கே வந்தார். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, அப்பப்பாவின் பெயரைச் சொல்லாமல் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

4. அப்பா அம்மாவைத் திருமணம் செய்து நோர்வேக்கு வந்தார். இங்கே படிவத்தைச் சரியாக நிரப்பினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பப்பாவின் பெயர், சொந்தப் பெயர் என்ற இடத்தில் சொந்தப் பெயர்.

5. சித்தப்பாவின் பெயர் அப்படியே நின்றது. அவருடைய மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பாவின் பெயரே குடும்பப் பெயரானது.

6. பெற்ற தகப்பன் உயிரோடு இருக்க, அவர் பெயரைத் தள்ளிவிட்டுத் தமையனின் பெயரை வைத்துக்கொண்டவர் என்று சித்தப்பாவைப் பற்றிக் குடும்பம் முடிவுகட்டியது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

7. அண்ணனும் தம்பியும் இருபது வருடத்துக்கு மேலாகத் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள்.

8. சென்ற மாதம் அப்பா இறைவனடி சேர்ந்தார்.

முப்பத்தொராம் நாள் நினைவு மலரில் இப்படித் தொடங்குவதில்லை என்று அம்மா சொன்னார். எப்படித் தொடங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த எட்டும் வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு ஒழுங்கில் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. சில வீடுகளில் ஆறாவது மட்டுமே சொல்லப்பட்டது. ரயில் சமிக்ஞைகளில் வரும் பழுதுகளுக்குக் காரணம் தேடுவது என் வேலை. எது முதலில் நடந்தது என்று எழுதாமல் யாரில் பிழை என்று எழுத அங்கே விடமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த விதி இல்லை.

அப்பா நெல்லியடியில், இரண்டு ஆண்பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். படிப்பு முடிந்ததும் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். நாட்டு நிலைமை இளைஞர்களை வீட்டில் இருக்க விடாத காலத்தில் வெளிக்கிட்டு, சுவிஸில் பேர்ண் நகருக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா அப்போது நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் அது. நான் அங்கே பிறந்தேன். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது ஒஸ்லோவுக்கு வந்து, புருசெத்தில் இப்போது அம்மாவும் நானும் இருக்கும் இதே வீட்டில் குடியேறினோம். அப்பா ஒரு பாடசாலையில் வாக்ட்மெஸ்தராக, அதாவது கட்டடத்தைப் பராமரிப்பவராக, ஓய்வுபெறும் வரை வேலை செய்தார். பனி கொட்டும் காலத்தில் பாடசாலை வாசலை வழித்துவிட்டு வந்து, எங்கள் கட்டடத்து வாசலையும் வழிப்பார். அது அவருடைய வேலை அல்ல என்று பலமுறை சொல்லியிருக்கிறோம்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு முன்னால் இருந்திருக்கிறீர்கள். குடியுரிமை, ஓய்வூதியம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் என எதுவானாலும் அப்பாவிடம்தான் கொண்டு வருவீர்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்.

“உம்மடை பேர் எது, தேப்பன்ரை பேர் எது? ரெண்டையும் பிரிச்சுச் சொல்லும். இதிலை பிழைவிட்டால் பேரப்பிள்ளை வரைக்கும் இழுபடும்.”

அதை அவர் எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று நான் சின்ன வயதில் கேட்டதில்லை.

அப்பாவின் குறை ஒன்றையும் எழுத வேண்டும். தன்னில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எளிதில் வராது. வந்தாலும் அது வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

சித்தப்பாவின் திருமண அழைப்பிதழ் ஊருக்குப் போனபோதுதான் எல்லாம் பெரிதானது. அதன் ஜேர்மன் மொழிப் பக்கத்தில் மாப்பிள்ளையின் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. அப்பப்பா அதை யாரிடமோ கொடுத்து வாசிப்பித்தார். “நான் இன்னும் சாகேல்லையே, அதுக்குள்ளை ஏன் என்னை எடுத்தவன்?” என்று கேட்டாராம். அடுத்த வருடம் அவர் காலமானார். அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் காதால் கேட்டவர் அப்பா. அதைத் தம்பியிடம் கேட்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு வேறொரு தொல்லை. அவர் கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. சித்தப்பா வீட்டுக்கு எதையாவது அனுப்பப் போனால், பெறுபவரின் குடும்பப் பெயரைச் சொல்லும்படி தபால் பகுதியில் இருக்கும் பெண் கேட்பார். அம்மா கடதாசியில் எழுதி நீட்டுவார். வாய் பேச முடியாதவர் என்று நினைத்து அந்தப் பெண் ஒருமுறை சைகையில் பதில் சொன்னார்.

இந்த வருடத் தொடக்கத்தில், அப்பாவுக்கு வந்திருப்பது மாறக்கூடிய நோயல்ல என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அப்பா அழவில்லை. தன் மரண அறிவித்தலைத் தானே எழுதப்போவதாகச் சொன்னார். மற்றவர்கள் எழுதினால் பிழை வரும் என்பது அவர் காரணம். அவர் சொல்ல, நான் கணினியில் எழுதினேன். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், என் அன்புத் தந்தை. அதற்குப் பிறகு நேராக ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர்’ என்று போனார்.

“அப்பா, சகோதரர் எண்ட வரி?”

“அதை விடு.”

“விட்டால் உங்களுக்குச் சகோதரமே இல்லை எண்டுதானே வரும்?”

“இல்லை எண்டு போடச் சொன்னனானே? வரியை விடு எண்டுதான் சொன்னனான்.”

“ஆக்கள் தேடுவினம்.”

“தேடட்டும்.”

அடுப்படியில் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இஞ்சேருங்கோ, சாகப்போற மனிசன் கதைக்கிற கதையே இது?”

“சாகப்போறவன்தானே இப்ப கதைக்க வேணும். செத்தாப் பிறகு கதைக்கேலாது.”

எங்கள் சனத்துக்கு மரண அறிவித்தலில் ஒரு வரி விடுபடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசிப்பவர்கள் இருப்பவர்களின் பெயரைப் பார்ப்பதில்லை, இல்லாதவர்களைத்தான் எண்ணுவார்கள். சித்தப்பா உயிரோடு இருக்கும்வரை அந்த இடைவெளியைச் சுமக்க வேண்டும். அவருடைய பிள்ளைகளும் சுமப்பார்கள். அதுவும் அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்டு.

அந்த வரியைப் போடவைக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அப்பா காரணத்துக்கு மட்டும் கட்டுப்படுவார். ஆகவே தேடத் தொடங்கினேன். முதலில் துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மாமாவை, அம்மாவின் அண்ணனை, தொலைபேசியில் பிடித்தேன்.

“மாமா, சித்தப்பா ஏன் பேரை மாத்தினவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“இதை ஆர் பிள்ளை சொல்ல வேணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே. அப்பரோடை காணிப் பிரச்சினை.”

“அதை ஆர் சொன்னது?”

“கொம்மாவைக் கேள்.”

அம்மாவைக் கேட்டேன். “எனக்கு உன்ரை மாமாதான் சொன்னவர்” என்றார்.

இருபது வருடக் குற்றச்சாட்டுக்கு இருந்த சாட்சிகள் இரண்டு. அந்த இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டின. மேலும் ஏழு பேரைக் கேட்டேன். பெண் வீட்டார் சொல்லிக் கொடுத்தது என்றார் ஒருவர். பயண முகவரின் வேலை என்றார் இன்னொருவர். ஒஸ்லோவிலேயே ஹவுகெட்டோவில் இருக்கும் ஓர் உறவினர், ஜேர்மன்காரரின் வாயில் அப்பப்பாவின் பெயர் நுழையவில்லை என்று தன் கண்ணால் கண்டதுபோலச் சொன்னார். அவர் சுவிஸ் மண்ணில் கால் வைத்ததேயில்லை. இந்த ஏழு பேரிடமும் சித்தப்பாவின் தொலைபேசி இலக்கம் இருந்தது.

பிறகு சித்தப்பாவின் மகள் ஆரணியை அழைத்தேன். என்னைவிட மூன்று வயது இளையவள், பேர்ணில் மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறாள். எங்களுக்குள் எப்போதும் கதை பேச்சு இருந்தது.

“அக்கா, எங்கடை பூர்வீகம் எது எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றாள்.

“நெல்லியடி.”

“பிழை. என்ரை அடையாள அட்டையிலை இருக்கு, பேர்ண் மாநிலத்திலை ஒரு மலைக் கிராமம். அங்கை சனத்தை விட மாடு கூட. சின்னனிலை கொஞ்சக் காலம் அங்கை இருந்தனாங்களாம், பிறகு ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை.”

அவள் சொன்னது உண்மைதான். சுவிஸில் குடியுரிமை பெறும் குடும்பத்துக்கு ஒரு பூர்வீக ஊரும் பதியப்படும். அது பிறந்த ஊர் அல்ல. எந்த ஊர் அந்தக் குடும்பத்தைத் தன் குடியாக ஏற்றுக்கொண்டதோ அந்த ஊர். சித்தப்பா குடும்பத்தை ஏற்றுக்கொண்டது அந்த மலைக் கிராமம். ஆகவே அப்பாவின் பெயர் இன்று, சட்டப்படி, அந்த மலைக் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சுவிஸ் குடும்பப் பெயர். பெயருக்குச் சொந்தக்காரர் ஒஸ்லோவில் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தன் அறிவித்தலில் சேர்க்க மறுத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் பழைய அகதி விண்ணப்பக் கோவையின் பிரதியைக் கேட்டு எடுக்கலாம் என்று ஆரணிதான் சொன்னாள். அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். ஒரு கிழமை போனது. இரண்டு கிழமை போனது.

“என்னடி நடக்குது?”

“கையெழுத்து வையுங்கோ எண்டால் முழங்கால் நோ எண்டுறார் அக்கா.”

“முழங்காலாலையே கையெழுத்து வைக்கிறது?”

“அதைத்தான் நானும் கேட்டனான். பழசைக் கிளறாதை எண்டு எழும்பிப் போயிட்டார். அந்த முழங்காலோடை எழும்பினதைப் பாத்திருக்க வேணும்.”

மூன்றாவது கிழமை, பெரியப்பாவுக்கு இனி நாள் அதிகமில்லை என்று அவள் அவரிடம் சொன்னாள். அன்று வைத்துவிட்டார்.

கோவை வந்தது. பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் தட்டச்சு செய்த பக்கங்கள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் தமிழ். நீல நிற விமானத் தபால் கடதாசியின் பிரதி, பின்னால் அனுப்பியவர் பெயருக்கும் ‘அன்புத் தம்பிக்கு’ என்ற தொடக்கத்துக்கும் மட்டும் மொழிபெயர்ப்பு. சித்தப்பா கொழும்பில் பயணத்துக்காகக் காத்திருந்தபோது அவருக்கு வந்த கடிதம். சுவிஸில் தனக்கு அண்ணன் இருப்பதற்கு ஆதாரமாக அதை அவர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எத்தனையோ படிவங்களில் நான் பார்த்த எழுத்து.

“அன்புத் தம்பிக்கு, இங்கே என்னுடைய பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். நீயும் வந்தவுடன் அதையே சொல்லு. அப்பாவின் பெயரைச் சொல்லிவிடாதே. சொன்னால் நாங்கள் அண்ணன் தம்பி என்று நம்பமாட்டார்கள், உன்னை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து திருத்தலாம்.”

சேர்ந்து திருத்தவில்லை. ஒருவர் நோர்வேக்கு வந்து தன்னுடையதை மட்டும் திருத்திக்கொண்டார். மற்றவர் அண்ணன் சொன்ன இடத்திலேயே நின்றார். அலுவலகங்களை நான் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி பதிந்தார்கள். குடும்பத்தில் ஒருவராவது அவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை அப்பாவைத் தலையணையில் நிமிர்த்தி இருத்தி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“என்ரை எழுத்துத்தான்.”

“ஓம்.”

“எனக்கு நினைவில்லை.”

“ஓம் அப்பா.”

“அப்ப உவன் ஏன் இதை அப்பவே சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களே?”

“நான் ஏன் கேக்க வேணும்? அவனெல்லோ சொல்ல வேணும்.”

நான் எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றேன். சில நேரங்களில் அப்பாவுடன் அதைவிட வேறு ஒன்றும் செய்ய முடியாது. திரும்பிப் பார்த்தபோது அவர் மூன்றாவது தரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

“போனை எடு” என்றார்.

ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன். அம்மாவும் வந்து கதவடியில் நின்றார்.

“ஆர், அண்ணையே?”

“ம். முழங்கால் எப்பிடி?”

“இருக்கு. படி இறங்கேக்கைதான் கரைச்சல். உங்களுக்கு?”

“எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு. மிச்சம்தான் சரியில்லை.”

சித்தப்பா சிரித்தார். பிறகு பேர்ணில் மழை என்றார். இங்கே இன்னும் பனி என்றார் அப்பா. எண்ணெய் தேய்ப்பதா, ஊசி போடுவதா என்று முழங்காலைப் பற்றி நீண்ட நேரம் போனது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அந்தக் கடுதாசி...” என்றார் அப்பா திடீரென்று. “நீ வைச்சிருக்கேல்லையே?”

“கந்தோரிலை குடுத்தனான் அண்ணை. திருப்பித் தரேல்லை.”

“ம்.”

“சாப்பிட்டிட்டியளே?”

“இன்னும் இல்லை.”

“சாப்பிடுங்கோ. நான் ரிக்கெற் போட்டிட்டன். வாற சனிக்கிழமை வாறன்.”

அவ்வளவுதான். அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

“இவ்வளவுதானா அப்பா?”

“பின்னை? ரெண்டு கிழவரையும் அழச் சொல்லுறியே?” பிறகு, “அந்த அறிவித்தலைக் கொண்டுவா” என்றார்.

கணினியைக் கொண்டுவந்தேன். ‘அன்புச் சகோதரரும்’ என்ற வரியை அவரே சொன்னார். தம்பியின் பெயரைப் போடும்போது சுவிஸ் பதிவில் உள்ளபடி முழுப் பெயரையும் போடச் சொன்னார். அப்படிப் போட்டால் உங்கள் பெயர் இரண்டு தரம் வருமே, அச்சுப்பிழை என்று நினைப்பார்களே என்றேன்.

“கேக்கிற ஆக்களுக்குச் சொல்லு. இல்லாட்டி எங்கையாவது எழுதிப்போடு” என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல், வீட்டில், அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க, அப்பாவின் மூச்சு நின்றது. சித்தப்பா சனிக்கிழமை வந்தார். இறுதிக் கிரியைகளை நானும் அவரும் சேர்ந்து செய்தோம்.

மண்டபத்தில் இருந்து திரும்பும்போது காரில் அவரைக் கேட்டேன். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?

“அண்ணை என்னைத் தன்ரை பக்கத்திலை வைச்சிருக்கத்தான் அப்பிடி எழுதினவர் பிள்ளை. அதை நான் சபையிலை கொண்டுபோய், பிழை அவரிலை எண்டு சொல்லுறதே?” முழங்காலைத் தடவிக்கொண்டார். “அப்பருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். நேரிலை போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தனான். நான் போக முந்தி அவர் போயிட்டார்.”

அப்பப்பாவின் கேள்விக்கு உரிய நேரத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதை இனித் திருத்த முடியாது. திருத்த முடிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவை வலியில்லாமல் வைத்திருந்த வீட்டுத் தாதியர்களுக்கும், கட்டிலை மாடிக்கு ஏற்றித் தந்த கட்டடத்து அயலவர்களுக்கும், சீருடையோடு வந்து நின்ற பாடசாலை ஊழியர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பை எரிய விடாமல் சமைத்து அனுப்பிய புருசெத் குடும்பங்களுக்கும், முழங்கால் நோவை நம்பாத ஆரணிக்கும் எங்கள் நன்றி. துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து மண்டப வேலை எல்லாம் பார்த்த மாமாவுக்கும் நன்றி. காணிப் பிரச்சினை என்று எதுவும் இருந்ததில்லை, மாமா.

இன்றைய நிலை இது. அப்பாவின் பெயர் சுவிஸில் நான்கு பேருக்குக் குடும்பப் பெயர். அப்பப்பாவின் பெயர் நோர்வேயில் அம்மாவுக்கும் எனக்கும் குடும்பப் பெயர். ஒருவரும் மாற்றப்போவதில்லை. சித்தப்பாவிடம் அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டார், நானும் கேட்டுவிட்டேன். வேறு ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. அவர் செவ்வாய்க்கிழமை மாலை வரை எங்கள் வீட்டில் இருப்பார்.